பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு: இரு கிராபிக்ஸ் கார்டுகளின் வரவு செலவு

என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு 2021 பிப்ரவரி 25 அன்று, 329 டாலர் அறிவிப்பு விலையில் விற்பனைக்கு வந்தது. அதன் இடத்தைப் பிடிக்க ஆர்டிஎக்ஸ் 4060 வந்தது 2023 ஜூன் 29 அன்று. விலை 299 டாலர். இடைப்பட்ட 28 மாதங்களில் விலை 30 டாலர் குறைந்தது. மின் தேவை 170 வாட்டிலிருந்து 115 வாட்டுக்கு இறங்கியது. விளையாட்டுகளில் வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. நினைவகம் மட்டும் 12 ஜிபியிலிருந்து 8 ஜிபியாகச் சுருங்கியது.

மூன்று வரவு, ஒரு செலவு. எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு எல்லோரும் சொல்வது அந்த 20 சதவீதத்தைத்தான். வேகம் கொஞ்சம் குறைந்தால் வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நினைவகம் போதாமல் போனால் வேலை தடுக்கி விழுகிறது, சில சமயம் தொடங்கவே மறுக்கிறது. இந்த இரண்டையும் ஒரே சராசரிக்குள் போட்டுக் கலக்கியதால்தான் பலர் தங்களுக்குப் பொருந்தாத கார்டை வாங்குகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது? கணக்கிடும் கோர்கள் கூடியதால் வரவில்லை. 3060-இல் 3,584 கோர்கள், 4060-இல் 3,072. புதியதில் 512 குறைவு, அதாவது 14 சதவீதம். கூடியது கடிகார வேகம்: 1,777 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,460-க்கு, 38 சதவீத ஏற்றம். கோர்களின் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தால் பெருக்கி, ஒரு துடிப்புக்கு இரண்டு கணக்கு என்று இரட்டித்தால், பழையது 12.7 டெராஃப்ளாப்ஸ், புதியது 15.1. விகிதம் 1.19. சோதனையாளர்கள் விளையாட்டுகளில் கண்ட வேறுபாடும் கிட்டத்தட்ட இதேதான். தாளில் போட்ட கணக்கும் திரையில் தெரியும் விளைவும் இவ்வளவு நெருங்கி வருவது இந்தத் துறையில் அபூர்வம்.

கடிகாரம் இவ்வளவு ஏறியும் மின்சாரம் குறைந்ததற்குக் காரணம் தொழிற்சாலை மாறியது. 3060-இன் சில்லைச் செய்தது சாம்சங், 8 நானோமீட்டர் முறையில். 276 சதுர மில்லிமீட்டரில் 1,200 கோடி டிரான்சிஸ்டர்கள். 4060-இன் சில்லைச் செய்தது தைவானின் டிஎஸ்எம்சி. 159 சதுர மில்லிமீட்டரில் 1,890 கோடி. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4.3 கோடி இருந்த இடத்தில் இப்போது 11.9 கோடி. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கான் தட்டின் பரப்பு 70,686 சதுர மில்லிமீட்டர். ஓர வீணாக்கத்தைக் கழிக்காமல் வெறுமனே வகுத்தால் பழைய சில்லு 256 தேறும், புதியது 444. புதிய முறையில் தட்டின் விலை கூடுதல் என்பதால் இந்த மிச்சம் முழுவதும் லாபமாகிவிடாது. ஆனாலும் சில்லின் அளவு 42 சதவீதம் சுருங்கியபோது விலை 9 சதவீதம்தான் இறங்கியது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

இனி நினைவகம். பன்னிரண்டு ஏன் எட்டானது என்பதற்கு விடை, சில்லிலிருந்து நினைவகத்துக்குப் போகும் பாதையின் அகலத்தில் இருக்கிறது. இந்தக் கார்டுகளில் உள்ள ஜிடிடிஆர்6 நினைவகத் துண்டு ஒவ்வொன்றுக்கும் 32 பிட் அகலமுள்ள வழி வேண்டும். 3060-இன் பாதை 192 பிட், எனவே ஆறு துண்டுகள். ஒரு துண்டு 1 ஜிபி அல்லது 2 ஜிபிதான் கிடைத்தது. ஆகவே 6 அல்லது 12. ஆறு மிகக் குறைவு என்பதால் பன்னிரண்டு வைத்தார்கள். 4060-இன் பாதை 128 பிட், நான்கு துண்டுகள். ஆகவே 4 அல்லது 8. பலகையின் இரு புறமும் துண்டுகளைப் பதித்தால் 16 ஆக்கலாம். பாதை 128 என்று முடிவான நாளிலேயே பன்னிரண்டு என்ற எண் சாத்தியமற்றதாகிவிட்டது.

பாதை குறுகியதால் தரவு ஓட்டமும் குறைந்தது. 192 பிட் என்றால் 24 பைட். ஒவ்வொரு இழையும் நொடிக்கு 15 ஜிகாபிட் கடத்தும். பெருக்கினால் நொடிக்கு 360 ஜிபி. புதியதில் 16 பைட்டும் 17 ஜிகாபிட்டும், 272 ஜிபி. 24 சதவீத இறக்கம். கணக்கிடும் திறன் 19 சதவீதம் ஏறி, அதற்குத் தீனி போடும் ஓட்டம் 24 சதவீதம் இறங்கினால் சில்லு காய்ந்துபோகாதா?

அதற்கு என்விடியா கண்ட வழி, சில்லுக்குள்ளேயே ஒரு பெரிய கேச். இரண்டாம் நிலைக் கேச் 3060-இல் 3 எம்பி. 4060-இல் 24 எம்பி, எட்டு மடங்கு. திரும்பத் திரும்பத் தேவைப்படும் தரவு அங்கேயே கிடைத்துவிட்டால் வெளி நினைவகத்துக்குப் போக வேண்டியதில்லை. இதை வைத்துத்தான் தன் விவரப் பட்டியலில் 272-க்குப் பக்கத்தில் 453 ஜிபி என்ற இன்னொரு எண்ணையும் நிறுவனம் அச்சிட்டது, நடைமுறைப் பலன் இவ்வளவு என்று. அந்த எண்ணைப் பின்னோக்கிப் பிரித்தால், நினைவகப் போக்குவரத்தில் 40 சதவீதத்தைக் கேச் தாங்கிக்கொள்ளும் என்ற அனுமானம் வெளிப்படுகிறது. 1080 திரையில் ஓடும் விளையாட்டுகளுக்கு இது பெரும்பாலும் பொருந்துகிறது. இல்லாவிட்டால் அந்த 20 சதவீத முன்னிலையே கிடைத்திருக்காது. 1440 திரைக்குப் போனால் புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 36.9 லட்சமாகின்றன, கேசில் அடங்கும் பங்கு குறைகிறது, முன்னிலையும் சற்றுத் தேய்கிறது.

விளையாடுபவருக்கு 20 சதவீதம் என்றால் என்ன? பழைய கார்டு நொடிக்கு 50 பிரேம் தரும் இடத்தில் புதியது 60 தருகிறது. ஒரு பிரேமுக்கு 20 மில்லிநொடி ஆனது 16.7 மில்லிநொடி ஆகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவருக்கு இந்த 3.3 மில்லிநொடிதான் சீராக ஓடுவதற்கும் விட்டுவிட்டு ஓடுவதற்கும் இடையிலான கோடு. இதைச் சிறுமைப்படுத்த நான் தயாரில்லை.

நினைவகம் நிரம்பினால் நடப்பது வேறு. இன்றைய விளையாட்டுகளில் இடத்தை விழுங்குவது திரைப் புள்ளிகளைவிட டெக்ஸ்சர்கள்தான். சுவரின் காரை, தோலின் சுருக்கம், சட்டையின் நெசவு எல்லாம் படங்களாக நினைவகத்தில் இருக்க வேண்டும். 4,096-க்கு 4,096 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்சர், புள்ளிக்கு ஒரு பைட் என்று சுருக்கிய பிறகும் 16 எம்பி. தொலைவில் தெரிவதற்கான சிறு பிரதிகளையும் சேர்த்தால் 21 எம்பி. நிறம், மேடுபள்ளம், பளபளப்பு, நிழல் என்று ஒரு பொருளுக்கு நான்கு டெக்ஸ்சர் வைத்தால் 85 எம்பி. 8 ஜிபி முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் 96 பொருள்கள்; 12 ஜிபியில் 144. ஒரு தெருவைக் காட்டும் காட்சியில் தொண்ணூற்றாறு பொருள்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் பொது நினைவகம் 16 ஜிபி. அதை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளையாட்டுகள் 2023-இல் கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் திணறின. அந்த மார்ச்சில் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பாகம் இதற்குப் பெயர்போன உதாரணம். பிறகு வந்த திருத்தங்கள் நிலைமையைச் சீராக்கின. 4060 விற்பனைக்கு வந்தது இந்தச் சலசலப்பு நடந்து மூன்றே மாதத்தில்.

நிரம்பி வழியும் தரவு கணினியின் பொது ரேமில் தங்கி, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வந்து போகிறது. இங்கேயும் ஒரு வெட்டு உண்டு. 3060-க்குப் பதினாறு தடங்கள். 4060-க்கு எட்டே தடங்கள். நான்காம் தலைமுறை மதர்போர்டில் எட்டுத் தடம் நொடிக்குச் சுமார் 16 ஜிபி கடத்தும். ஆனால் 300 டாலர் கார்டை யார் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் நாலைந்து வருடப் பழைய கணினிக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்கள். இன்டெல் பத்தாம் தலைமுறை வரையிலும், ஏஎம்டி பி450 போர்டுகளிலும் இருப்பது மூன்றாம் தலைமுறை பிசிஐ. அதில் எட்டுத் தடம் என்றால் 8 ஜிபிதான். அதே போர்டில் 3060-க்கு 16 ஜிபி. ஒரு காட்சிக்குத் திடீரென 500 எம்பி தேவைப்பட்டால், எட்டுத் தடத்தில் அது வந்து சேர 62 மில்லிநொடி. கிட்டத்தட்ட நான்கு பிரேம்கள் காணாமல் போகும். சராசரி பிரேம் எண்ணில் இது தெரியாது. ஆடுபவரின் கைக்குத் தெரியும்.

பிரேம் ஜெனரேஷன் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 4060-இன் விளம்பரத்தில் பெரிதாக நின்றது அதுதான். இரண்டு பிரேம்களுக்கு நடுவே இயந்திரக் கற்றல் மூலம் ஒன்றை இட்டு நிரப்பும் இந்த வசதி 3060-க்குத் தரப்படவில்லை. திரையில் 85 பிரேம் தெரிந்தால், விளையாட்டு உண்மையில் கணக்கிட்டது அதில் பாதி, 42 அல்லது 43. கண்ணுக்கு மென்மை கூடும். சுட்டியை அசைத்ததும் எதிர்வினை வரும் வேகம் அந்தப் பாதிக்கு உரியதாகவே இருக்கும். போதாக்குறைக்கு அந்த வசதியே சில நூறு எம்பி நினைவகத்தைக் கேட்கிறது. எட்டு ஜிபி விளிம்பில் நிற்கும் கார்டுக்கு அது இன்னொரு சுமை.

மின்சாரத்தில் 4060-க்குக் கிடைக்கும் வெற்றி கலப்படமற்றது. பழையதன் வேகத்தை 100 என்றும் புதியதை 120 என்றும் கொண்டால், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வேலை 0.59-லிருந்து 1.04-க்கு ஏறியிருக்கிறது, 77 சதவீத முன்னேற்றம். தினம் நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் ஆண்டுக்கு 1,460 மணி; 55 வாட் வேறுபாட்டில் 80 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ரசீதில் இது 13 யூனிட். படிக்கட்டுக் கட்டணம் என்பதால் மிச்சமாவது எப்போதும் உச்சிப் படியின் யூனிட்கள்; 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு அந்தப் படியின் கட்டணம் 8 ரூபாய்க்கு மேல். எட்டு என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 642 ரூபாய், ஐந்தாண்டில் 3,200 ரூபாய். மே மாதத்து மாடி அறையில் 55 வாட் வெப்பம் குறைவது தனி வரவு. அதைப் பணமாக மாற்றிச் சொல்லத் தேவையில்லை.

காணொளி பதிவேற்றுபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏவி1 முறையில் காணொளியை எழுதும் கருவி 4060-இல் இருக்கிறது. 3060 அந்த முறையைப் படிக்க மட்டும் அறியும்.

இதுவரை புதியதன் கையே ஓங்கியிருக்கிறது. விளையாட்டை விட்டு, வீட்டுக் கணினியில் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்க்கும் மாணவரின் மேசைக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. என் அக்கறை அதிகமும் இங்கேதான். வாடகைச் சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாதவர் தன் கார்டில் என்ன செய்ய முடியும் என்பது, யார் இந்தத் துறையைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதையே தீர்மானிக்கிறது.

லாமா 3.1 வரிசையின் 800 கோடி அளவுரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். அளவுரு ஒன்றுக்கு 16 பிட் என்றால் 16 ஜிபி. இரண்டு கார்டிலும் ஏறாது. 8 பிட்டாகச் சுருக்கினால் எட்டரை ஜிபி. 3060-இல் ஏறும், 4060-இல் ஏறாது. பரவலாகப் பயன்படும் 4 பிட் வடிவம் ஏறத்தாழ 4.9 ஜிபி, இரண்டிலும் ஏறும். ஏறிய பிறகு எது வேகம்? ஒவ்வொரு டோக்கனையும், அதாவது உரையின் ஒவ்வொரு சிறு துண்டையும், உருவாக்க மாதிரி முழுவதையும் ஒருமுறை நினைவகத்திலிருந்து வாசித்தாக வேண்டும். ஆகவே உச்ச வரம்பு, தரவு ஓட்டத்தை மாதிரியின் அளவால் வகுத்தால் வருவது. 360-ஐ 4.9-ஆல் வகுத்தால் நொடிக்கு 73 டோக்கன். 272-ஐ வகுத்தால் 55. 28 மாதம் மூத்த கார்டு 32 சதவீதம் முன்னால் நிற்கிறது. அந்த 24 எம்பி கேச் இங்கே உதவிக்கு வராது, 4.9 ஜிபியில் அது அரை சதவீதம். 453 என்று அச்சிட்ட எண் விளையாட்டுகளுக்கானது. இந்த வேலையில் 272 மட்டுமே உண்மை.

உரையாடல் நீள நீள இன்னொரு செலவு ஏறுகிறது. முன்னே வந்த ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு குறிப்பை மாதிரி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இந்த மாதிரியில் 32 அடுக்கு, அடுக்குக்கு 8 தலை, தலைக்கு 128 எண்கள், இருவகைக் குறிப்பு, எண்ணுக்கு 2 பைட்: பெருக்கினால் டோக்கனுக்கு 128 கேபி. 8,192 டோக்கனுக்கு 1 ஜிபி. 32,768 டோக்கனுக்கு 4 ஜிபி. மாதிரியோடு கூட்டினால் 8.9 ஜிபி. 12 ஜிபி கார்டில் இன்னும் இடம் மிச்சமிருக்கிறது. 8 ஜிபி கார்டு எப்போதோ நிரம்பிவிட்டது. தமிழில் வேலை செய்பவருக்கு இந்த வரி மிக முக்கியம். இத்தகைய மாதிரிகளின் டோக்கன் பட்டியல்கள் ஆங்கில உரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதே அளவு செய்தியைச் சொல்ல தமிழ் உரை பல மடங்கு டோக்கன்களாக உடைகிறது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வசதியாகத் தாங்கும் கார்டு, அதே நீளத் தமிழ்க் கட்டுரையில் திணறும். அந்த 4 ஜிபி போனதில் தமிழருக்கு நேர்ந்த இழப்பு ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு நேர்ந்ததைவிடப் பெரிது.

இன்னும் ஒரு படி மேலே, 1,400 கோடி அளவுரு மாதிரி 4 பிட்டில் சுமார் 9 ஜிபி. 3060-இல் முழுவதும் ஏறும்: 9-ஐ 360-ஆல் வகுத்தால் டோக்கனுக்கு 25 மில்லிநொடி, நொடிக்கு 40 டோக்கன் வரம்பு. 4060-இல் 7 ஜிபி கார்டிலும் 2 ஜிபி பொது ரேமிலும் வைத்தால், கார்டின் பங்கு 26 மில்லிநொடி. இரட்டை வழி டிடிஆர்4-3200 ரேம் நொடிக்கு 51 ஜிபிதான் தரும் என்பதால் அந்த 2 ஜிபிக்கு மட்டும் 39 மில்லிநொடி. மொத்தம் 65, நொடிக்கு 15 டோக்கன். விளையாட்டில் பின்தங்கிய கார்டு இங்கே இரண்டரை மடங்கு முந்துகிறது.

ஆகவே 1080 திரையில் விளையாட மட்டும் கார்டு தேடுபவர், மதர்போர்டு நான்காம் தலைமுறை பிசிஐ உடையது என்றால், 4060-ஐத் தயங்காமல் எடுக்கலாம். மாதிரிகளோடு பழக விரும்புபவருக்கு 3060-தான் என் பரிந்துரை. அவர் சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய கார்டு தேடிப் போகும்போது பார்க்க வேண்டிய ஒரு பொறி இருக்கிறது. 2022 இறுதியில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி வடிவம் ஒன்றும் வந்தது. கோர்கள் அதே 3,584. பாதை 128 பிட், ஓட்டம் 240 ஜிபி, மூன்றில் ஒரு பங்கு வெட்டு. மேலே சொன்ன நினைவக நன்மைகள் எதுவும் அதில் இல்லை. பெட்டியில் 12 என்ற எண்ணையும், கணினியில் செருகிய பிறகு 192 பிட் என்ற எண்ணையும் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

கார்டின் முந்தைய வாழ்க்கையையும் விசாரிக்க வேண்டும். 3060 வந்த காலம் ஈத்தரியம் என்ற மின்னணு நாணயத்துக்கான சுரங்க வேட்டையின் உச்சம். சுரங்கக்காரர்கள் அள்ளிவிடாதபடி சுரங்கக் கணக்கின் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டை என்விடியா வைத்தது. 2021 மார்ச்சில் அதன் சோதனை டிரைவர் ஒன்றே அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் ஈத்தரியம் சுரங்க முறையையே கைவிட்ட பிறகு இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. விசிறி, வெப்பப் பசை இரண்டையும் மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுவதே முறை.

அறுபது வரிசையின் நினைவகத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், 2015-இன் 960 தொடக்கத்தில் 2 ஜிபி, 2016-இன் 1060 பெரும்பாலும் 6, 2019-இன் 2060 மீண்டும் 6, 2021-இல் 12, 2023-இல் 8. முன்பு நின்ற இடத்தில் நின்றதுண்டு, 4060-இல்தான் பின்வாங்கியது. 2025 மே மாதம் அதே 299 டாலருக்கு வந்த 5060, ஜிடிடிஆர்7 நினைவகத்தால் தரவு ஓட்டத்தை 448 ஜிபிக்கு உயர்த்தியது. கொள்ளளவு அதே 8.

கூடுதல் நினைவகத்துக்கு என்ன விலை என்பதற்கும் சான்று உண்டு. 2023-இல் 4060 டிஐ கார்டின் 8 ஜிபி வடிவம் 399 டாலர், 16 ஜிபி வடிவம் 499. எட்டு ஜிபிக்கு நூறு டாலர். 2025 ஏப்ரலில் 5060 டிஐ வந்தபோது அதே வேறுபாடு 379-க்கும் 429-க்கும் இடையே, ஐம்பது டாலராகிவிட்டது. ஏஎம்டியின் 7600 எக்ஸ்டி, 128 பிட் பாதையிலேயே 16 ஜிபியை 2024 ஜனவரியில் 329 டாலருக்குத் தந்தது. 3060-இன் பழைய விலை. இன்டெலின் ஆர்க் பி580 அதே ஆண்டு டிசம்பரில் 249 டாலருக்கு 192 பிட் பாதையும் 12 ஜிபியும் 456 ஜிபி ஓட்டமும் கொடுத்தது. பழைய பிராசஸர்களோடு பி580 தடுமாறுகிறது, என்விடியாவின் கூடா தளத்தை நம்பி எழுதிய மென்பொருள்கள் மற்ற இருவரின் கார்டுகளில் நேரடியாக ஓடா. அந்தக் குறைகளை எண்ணிய பிறகும், 300 டாலருக்குள் பன்னிரண்டு ஜிபி தர முடியும் என்பதற்கு அந்த 249 டாலர் கார்டே சாட்சி.